டிக்கியில் கத்திகள்

வீட்டில் ஆறு கத்திகள் இருந்தன.
மீன் வெட்டுகிறது ஒன்று, பாண் வெட்டுகிறது ஒன்று,
கலியாணப் பரிசாய் வந்த மரப்பிடிக்காரர் மூன்று பேர்,
மாங்காய்க்கென்று வாங்கி
இந்த நாட்டில் ஒரு நல்ல மாங்காயைக் காணாத குட்டி ஒன்று.

பழைய துவாயில் சுற்றி
விடிய நாலரைக்கு லிஃப்டில் கொண்டு இறங்கினேன்.
நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், கார் டிக்கியில்,
பனி தட்டுகிற தூரிகைக்கும் உப்புப் பைக்கும் கீழே வைத்தேன்.
மேலே வந்து கை கழுவினேன், மூன்று தரம்.
பிள்ளைக்கு அன்று இருபத்தி மூன்று நாள்.

அது குரல் இல்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
வெங்காயம் அரிந்துகொண்டு நிற்க
ஒரு படம் வந்தது.
என் கை.
பால் வழிந்து தங்குகிற அவளின் கழுத்து மடிப்பு.
அவ்வளவுதான், ஒரு நொடி.
கத்தியைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டுக்
குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன்,
என்னை, அவளிடம் வரவிடாமல்.

பிறகு பல்கனி.
கதவு விளிம்பெல்லாம் வெள்ளி டேப் ஒட்டினேன்.
"குளிர்காத்து வருது" என்றேன்.
"நல்ல வேலை செய்தனீர்" என்றான் நிமலரூபன்.
தை மாதம், ஸ்காபரோ. யார் சந்தேகப்படுவார்?

எங்கள் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடி கிடையாது.
பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினாலு, அதுதான் நாங்கள்.
பயத்தில் ஓர் இலக்கத்தை விழுங்கிவிட்டு
இத்தனை சனத்தைச் சுமந்து நிற்கிற கட்டடத்தை
விசர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

குடும்ப வைத்தியரிடம் பத்துக் கேள்விகள், தமிழிலேயே அச்சடித்து.
சிரிக்க முடிகிறதா.
நித்திரை வருகிறதா.
உங்களுக்கே தீங்கு செய்ய நினைத்ததுண்டா.
இல்லை. எனக்கு அல்ல.
அடுத்த கேள்விக்குப் பொய் தயாராய் வைத்திருந்தேன்,
உண்மை சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களென்று.
அடுத்த கேள்வி இல்லை.
பொய்யைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

நிமலரூபன் வெட்டின வெங்காயத்தைப் பைக்கற்றில் வாங்கி வரத் தொடங்கினான்.
கத்தி எங்கே என்று கேட்கவில்லை.
அது அன்பா, பயமா, இரவு வேலைக் களைப்பா,
இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

முப்பத்தோராம் நாள்.
துடக்குக் கழித்து, மஞ்சள் தண்ணி தெளித்து,
வீடு நிறையச் சனம்.
பிள்ளை கை மாறி மாறிப் போய்க்கொண்டிருக்க
யாரோ கேக் பெட்டியைத் திறந்தார்கள்.
"கத்தியை ஒருக்காத் தாங்கோ."
லாச்சி திறந்து மூடியது. அடுத்த லாச்சி.
"என்னப்பா, குடும்பம் நடத்துற வீட்டில ஒரு கத்தி இல்லையோ!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
தோசைக்கரண்டியால் கேக் வெட்டினார்கள்.

சிரிக்காத ஒருத்தி துஷ்யந்தி,
அவனோடு வேலை செய்கிறவரின் மனைவி,
இரண்டாம் தரம்தான் காண்கிறேன்.
கோட்டுகள் குவிந்த அறைக்குள் பின்னால் வந்து
கதவைச் சாத்தினாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
"எங்கை வைச்சனீர்?"
"கார் டிக்கியில."
"நான் பக்கத்து வீட்டு மனிசியிட்டைக் குடுத்தனான். கத்தரிக்கோலையும் சேர்த்து.
எட்டு மாசம் திருப்பி வாங்கேல்லை."
கைப்பையில் பேனை தேடி
என் உள்ளங்கையில் ஒரு நம்பர் எழுதினாள்.
கூசியது. சிரிப்பாய்த்தான் தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டாள்,
நினைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?
ஓடுவேன்.
பிள்ளையிடமா?
கத்தியை விட்டு.
அவள் நிறைய எழுதினாள். அதற்கொரு பெயர் சொன்னாள், குளிசை தந்தாள்.
பிள்ளையை ஒருவரும் தூக்கிப் போகவில்லை.
குனிந்து ஒருதரம் மூக்கைத் தொட்டாள், அவ்வளவுதான்.

இப்போது பங்குனி.
குட்டிக் கத்தி மட்டும் மேலே வந்திருக்கிறது.
பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பிள் அரிந்தேன்.
படம் வந்தது.
நின்றேன்.
போனது.
மிச்ச அப்பிளையும் அரிந்தேன்.

ஐந்து இன்னும் டிக்கியில்.
கெனடி ரோட்டில் கார் திரும்புகிற நேரமெல்லாம்
துவாய்க்குள் கிடந்து கிலுங்கும்.
நிமலரூபன் ரேடியோவைக் கூட்டி வைப்பான்.

நேற்றுக் கூட்டவில்லை.